கடைசிப் பெட்டியின் பலகை

உடையாது அக்கா, பயப்படாதீர்கள். உங்கள் கூடையைத் தாராளமாக இந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைக்கலாம். இந்த பஸ்ஸின் கூரையிலிருந்து தூக்கிப் போட்டால்கூட உடையாது. அதுதான் இப்போது வழக்கே.

உள்ளே ரயில் இருக்கிறது. குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அமுக்கி வீடு கட்டி விளையாடுமே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டிய ரயில். ஓர் இன்ஜின், மூன்று பெட்டி. என் அம்மா கட்டியது.

முன்னால் என்ன, ரயில்வே கேட்டா? சரக்கு வண்டி குறுக்கே நின்றுவிட்டதா? அப்படியானால் அரை மணி நேரம் ஆகும். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார் பாருங்கள், அவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த பைக் ஓட்டிகளைப் பாருங்கள், கம்பத்துக்குக் கீழே குனிந்து நுழைந்து கேட் கீப்பரைத் திட்டுகிறார்கள். அந்த அம்மாவா வண்டியை நிறுத்தினார்? எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். நானே கேட் கீப்பர் மகள்தான்.

என் பெயர் அறிவுக்கொடி. மதுரையில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், முதுகலை இரண்டாம் வருடம். கோயம்புத்தூருக்குச் சண்டை போடப் போகிறேன். சிரிக்காதீர்கள் அக்கா, பையில் ஐந்து பக்க மனு இருக்கிறது. இந்தப் பெட்டிதான் சாட்சி. முழுக்கக் கேளுங்கள், கேட்டுவிட்டு யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

அம்மா பெயர் சுப்புத்தாய். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. எனக்கு மூன்று வயதிருக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வாரிசு வேலையாக அம்மாவுக்குக் கேட் கிடைத்தது. விருதுநகர் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு கேட். பதினேழு வருடம். ஊரில் அம்மாவின் பெயரே மறந்துபோய் 'கேட்டம்மா' ஆகிவிட்டது.

கேட் கீப்பர் வேலை என்றால் கம்பத்தை இறக்கி ஏற்றுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. பச்சைக் கொடியோடு நின்று வண்டி முழுவதையும் பார்க்க வேண்டும். எங்காவது புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று. கடைசிப் பெட்டியின் முதுகில் ஒரு பெருக்கல் குறி இருக்கும், அல்லது ஒரு பலகை தொங்கும், கவனித்திருக்கிறீர்களா? அதைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டி முழுசாகக் கடந்தது என்று அர்த்தம். அது இல்லையென்றால் பின்னால் இரண்டு பெட்டி கழன்று எங்கேயோ நிற்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வண்டியை விடக் கூடாது.

ஒருமுறை அப்படி ஒரு வண்டி பலகை இல்லாமல் போனது. அம்மா ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறக்காமல் நின்றாள். நாற்பது நிமிடம். மணல் லாரிக்காரன் ஒருவன் இறங்கி வந்து, "ஏ பொம்பள, வண்டிதான் போயிருச்சே, இன்னும் யாருக்குக் காத்துக்கிட்டு நிக்க, உம் புருசனுக்கா?" என்றான். நான் அப்போது ஏழாவது படிக்கிறேன். கல்லை எடுத்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு அவசரம்த்தா. எனக்குப் பலகை வேணும்" என்று மட்டும் சொன்னாள். கடைசியில் பலகைதான் வழியில் விழுந்திருந்தது. வண்டி முழுசாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே சுரங்கப்பாதை தோண்டிக் கேட்டை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், நான் அதை எதிர்க்கவில்லை. அம்மாவை விருதுநகரில் ஓர் ஆபீசில் போட்டார்கள். ஃபைல் கொண்டுபோவது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது. கால் நீட்டி உட்காரலாம், வெயில் இல்லை. எல்லோரும் 'கொடுத்து வச்சவ' என்றார்கள். ஆனால் லீவு நாளில் வீட்டில் இருந்தால், வண்டி வரும் நேரமெல்லாம் அம்மா எழுந்து நிற்பாள். நின்றுவிட்டு, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளரைக் கழுவி வைப்பாள். 

அப்போதுதான் குவார்ட்டர்ஸில் ஓர் அதிகாரி வீட்டம்மா மாற்றலாகிப் போகும்போது, அவர்கள் பையன் விளையாடி முடித்த கட்டைகளை ஒரு வாளி நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். யாருக்காவது கொடுக்கத்தான் அம்மா வாங்கி வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஹாஸ்டலிலிருந்து வந்து பார்க்கிறேன், கட்டில் விளிம்பில் ரயில் நிற்கிறது. "இது என்னம்மா?" என்றேன். "நாலு நாப்பது பாசஞ்சர்" என்றாள், 'இது பக்கத்து வீட்டு அத்தை' என்பதுபோல.

அப்புறம் விடவில்லை. மதுரையில் பழைய சாமான் கடைகளில் நான் தேடி அலைந்து இன்னும் கொஞ்சம் கட்டை சேர்த்துக் கொடுத்தேன். சக்கரம் மட்டும் புதிதாக வாங்கினேன். சன்னல் கம்பிக்கு என்ன வைத்தாள் தெரியுமா? பொம்மை ஏணியைப் படுக்கப் போட்டு வைத்தாள். அவ்வளவு துல்லியம். ஆனால் ஒரு பக்கம்தான். மறுபக்கம் கையில் கிடைத்த நிறத்தை வைத்து அடைத்துவிடுவாள், பச்சை, வெள்ளை, ஊதா. நான் அதற்கும் சண்டை போட்டேன், அது வேறு கதை.

பிரச்சினை என்னவென்றால், கட்டியதை வைத்துக்கொள்ள மாட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து கட்டுவாள். முடிந்ததும் ஒரு கறுப்புச் சதுரக் கட்டையை எடுப்பாள். என் மஞ்சள் நெயில் பாலிஷால் அதில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள். அதைக் கடைசிப் பெட்டியின் முதுகில் அமுக்குவாள். டக். அப்புறம் எழுந்து நின்று, இன்ஜினிலிருந்து பின்கோடி வரை ஒருமுறை மெதுவாகப் பார்ப்பாள். "போயிருச்சு" என்பாள். உடனே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து வாளியில் போட்டுவிடுவாள். மறுநாள் அடுத்த வண்டி. பாசஞ்சருக்குப் பிறகு சென்னை எக்ஸ்பிரஸ், அதற்குப் பிறகு சரக்கு. அந்தக் கேட்டில் வந்த வரிசையில்.

என்ன அநியாயம் பாருங்கள்! வீட்டு வேலையைப் போலத்தானே இதுவும்? கழுவிய பாத்திரம், பெருக்கிய வாசல், எதற்கும் தடயம் கிடையாது. உழைக்கும் பெண்ணின் படைப்பு எப்படித் தடயமில்லாமல் அழிகிறது என்று என் அம்மாவை வைத்தே ஒரு கட்டுரை எழுதினேன் அக்கா. பேராசிரியர் வகுப்பில் வாசிக்கச் சொன்னார். இரண்டு பேர் அழுதார்கள்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினீர்களா என்கிறீர்களா? இல்லை. அவளுக்கு அந்த மொழியெல்லாம் புரியாது.

போன பொங்கலுக்குப் பிறகு போனில் பார்த்தேன். கோயம்புத்தூரில் கட்டை ரயில் கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, வருடா வருடம் கண்காட்சி, போட்டி. உடனே அம்மா பெயரைக் கொடுத்துவிட்டேன். சொன்னதும், "வேண்டாம்த்தா" என்றாள். "ஏம்மா?" என்றேன். "வேண்டாம்" என்றாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே.

அக்கா, 'ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்' என்ற தலைப்பில் மாவட்ட அளவில் முதல் பரிசு வாங்கியவள் நான். அது வேறு. அம்மாவின் வேண்டாம் அவளுடையதே இல்லை. பதினேழு வருடம் எல்லோரும் திட்டித் திட்டி அவள் வாயில் வைத்த வேண்டாம். அதைக் கேட்டு நான் சும்மா இருந்தால் நானும் அந்த லாரிக்காரனும் ஒன்று. என்ன பார்க்கிறீர்கள்? சரிதானே?

கண்காட்சிக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள், நாலு நாற்பது பாசஞ்சர் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. வாளியே காலி. இவ்வளவு நன்றாக அவள் எதையும் கட்டியதில்லை. இதை எப்படி விருதுநகரிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோவது? ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் உதிர்ந்துவிடாதா? அம்மா காலையில் வேலைக்குப் போனதும் கடைக்குப் போய் ஆறு குழாய் பசை வாங்கி வந்தேன். தோலையே பிய்த்துவிடுமே, அந்தப் பசை. ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி, ஒரு சொட்டு, திரும்ப அதே இடத்தில் அமுக்கி. காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை சாப்பிடக்கூட இல்லை. விரல்களைப் பாருங்கள், இங்கே இன்னும் தழும்பு இருக்கிறது. பெட்டிகளைக் கோக்கிற கொக்கியை மட்டும்தான் விட்டேன்.

அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கட்டிலுக்குத்தான் வந்தாள். கூரையில் ஒரு கட்டையைத் தொட்டு லேசாகத் தூக்கினாள்.

"வரலையே."

"வராதும்மா! இனிமே யாராலயும் பிரிக்க முடியாது. எல்லாத்தையும் ஒட்டிட்டேன்!"

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு பெண்ணின் உழைப்புக்கு முதல்முறையாக நிரந்தரம் கிடைக்கிறது என்று எனக்குப் புல்லரித்தது. அம்மா என் கையை விலக்கிவிட்டுப் பின்கோடிக்குப் போனாள்.

"கடைசிப் பலகை வைக்கலையே."

"அதனால என்ன, இப்ப வையி."

வைத்தாள். கட்டை உட்காரவில்லை. பசை அந்த இடத்தில் வழிந்து கட்டியாகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், புடவைத் தலைப்பால் தேய்த்துப் பார்த்தாள். நானும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கட்டி மேல் வைத்தால் சாய்கிறது, விழுகிறது. "விடும்மா, பின்னாடி யாரு பாக்கப் போறா?" என்றேன். அவள் அந்தக் கறுப்புக் கட்டையைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

இனிமேல்தான் அக்கா அநியாயமே.

கண்காட்சியில் நூறு மேசை. எல்லாம் ஆண்கள், ஆண்களின் பிள்ளைகள். ஒருவர் வந்து அம்மாவிடம், "உங்க பையன் கட்டினதாம்மா?" என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் சங்கத்துச் செயலாளர் வந்துவிட்டார். சென்னியப்பன் என்று பெயர். அறுபது வயது இருக்கும், கையில் பூதக்கண்ணாடி. முதலில் நன்றாகத்தான் பேசினார்.

"எந்த வண்டிங்கம்மா இது?"

"நாலு நாப்பது பாசஞ்சருங்கய்யா."

"அட, சன்னலுக்கு ஏணித் துண்டு! எனக்கு இத்தன வருசமா தோணலையேங்க." சந்தோஷமாகத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஏனுங்க கலர் கலரா?"

"அந்தப் பக்கத்த நான் பாத்ததில்லைங்கய்யா. என் கேட்டு இந்தப் பக்கம்தான்."

அந்த மனிதர் ரயிலைத் திரும்ப இந்தப் பக்கமே திருப்பி வைத்தார். அம்மாவைப் பார்த்தார். அப்புறம், "தொடலாங்களா?" என்று கேட்டுக்கொண்டு கூரையில் ஒரு கட்டையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார். வரவில்லை. இன்னொன்று. வரவில்லை. முகம் மாறிவிட்டது.

"பசைங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நாந்தாங்கய்யா போட்டேன். தெரியாம போட்டுட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னாள்? இன்றுவரை எனக்கு அது புரியவில்லை. ஒட்டியது நான், அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. பொய் சொல்லித் தப்பிக்க நான் என்ன திருடியா?

"பசை போட்டது போட்டியில சேராதுங்க. விதி" என்றார். விட்டுவிடுவேனா? "சார், நிஜ ரயில் பெட்டிய வெல்டிங் வச்சுப் பத்த வைக்கலையா? அது ரயில் இல்லையா?" என்றேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "வெல்டிங் வச்ச ரயில தண்டவாளத்துல உட்டுக்கலாம் கண்ணு. இங்க பிரிக்கறதுக்கு ஆகோணும். பிரிக்க முடியலீன்னா அது கட்டையில்ல, வெறும் பொம்மை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவின் ரயிலைப் பொம்மை என்று! மனுவில் முழுப் பக்கம் அதற்குத்தான். 'கண்ணு' என்றதற்கு ஒரு தனிப் பத்தி.

நான் இருபது நிமிடம் வாதாடினேன். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. வேறு ஒரு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அங்கே ஒருவர் தன் ரயிலைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம். அம்மா கட்டுவதே இல்லை. அவமானம் அவளை அப்படி முறித்துவிட்டது. ரயில் பீரோவுக்கு மேலே நிற்கும். வாளியில் துவரம்பருப்பு. நான் உதவித்தொகையில் புதுக் கட்டைப் பெட்டி ஒன்று, நல்ல பெரியது, வாங்கிக் கொண்டுபோனேன். தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஏம்மா, புடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்குத்தா. லைன் இல்லையே."

"என்ன லைன்?"

பீரோ மேலே பார்த்தாள். "அது இன்னும் கடக்கலையே. பலகை பாக்காம அடுத்த வண்டிய எப்படி விட?"

"அம்மா, அது வெறும் கட்டைம்மா!"

"கட்டைதான்" என்றாள். "அதுவும் போகணும்ல?"

பாருங்கள் அக்கா, ஒரு வேலையின் விதி ஒரு மனுஷியின் ரத்தத்தில் எப்படி ஏறிவிடுகிறது என்று! அதிகாரம் வெளியே இருக்க வேண்டியதே இல்லை, உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. அதைத்தான் ஆய்வுக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். நேற்றுகூட நாலு நாற்பதுக்குப் பீரோவுக்கு முன்னால் வந்து நின்றாள். நின்று, பின்கோடியைப் பார்த்தாள். 'போயிருச்சு' என்று சொல்லவே இல்லை. போய் டம்ளரைக் கழுவி வைத்தாள்.

அதனால்தான் போகிறேன். இன்றைக்குச் சங்கத்தில் குழுக் கூட்டம். இந்த ரயிலை அவர்கள் மேசைமேல் வைத்து, விதியை மாற்றுங்கள், அம்மாவுக்கு ஒரு சான்றிதழாவது கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அது கிடைத்தால் அவள் பழையபடி ஆகிவிடுவாள்.

அம்மாவா? அவள் வரவில்லை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்து, "சண்டை போடாதத்தா. இத அந்தப் பெரியவர்கிட்ட குடு. அவருக்குக் கட்டை தெரியும்" என்றாள். இருக்கன்குடிக் கோயில் விபூதியாக இருக்கும். யாராவது முகம் சுளித்தால் உடனே விபூதி கொடுப்பாள். நான் எங்கே கொடுக்கப் போகிறேன்? எதிர்க்கட்சிக்காரருக்கு விபூதியா?

அதோ, வண்டி நகர்கிறது. இல்லை, இருங்கள் அக்கா, ஒரு நிமிடம். இருபத்தொன்று, இருபத்திரண்டு... மன்னியுங்கள், சின்ன வயசுப் பழக்கம், வண்டி போனால் என்னையறியாமல் எண்ணிவிடுவேன். அந்தக் கேட் கீப்பர் அம்மாவைப் பாருங்கள், யார் திட்டினாலும் திரும்பவே மாட்டேன் என்கிறார். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறார். அதோ! பின்னால் பலகை. சின்னதாக, தெரிகிறதா? பார்த்துவிட்டார். இப்போதுதான் கொடியைச் சுருட்டுகிறார். அம்மாவும் இப்படித்தான். பலகையைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விடுவாள், தோள் கீழே இறங்கும், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவேன்.

பொட்டலத்தையா? பிரித்துப் பார்க்கச் சொல்கிறீர்களா? விபூதிதான் அக்கா. சரி, நெற்றியில் வைத்துக்கொள்வோம், இருவரும். நூலை எப்படிச் சுற்றியிருக்கிறாள் பாருங்கள்.

விபூதி இல்லை.

அந்தக் கட்டை. கறுப்புக் கட்டை. பெருக்கல் குறி பாதி அழிந்துபோயிருக்கிறது, என் நெயில் பாலிஷ்தான்.

அக்கா, இந்த அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்கிறேன். இல்லை, இது இரண்டாவது பெட்டி. கடைசிப் பெட்டி இதோ. இந்த இடம்தான். பஸ் கிளம்பிவிட்டது, குலுங்குகிறது, அதனால்தான் நிற்க மாட்டேன் என்கிறது. நகம் வளர்த்திருந்தால் சுரண்டிவிடலாம். இதோ, இதைச் சுரண்டிவிட்டால்... இல்லை. திரும்பவும் விழுந்துவிட்டது. உங்கள் காலடியில் பாருங்கள் அக்கா, கூடைக்குப் பின்னால், கறுப்பாக.

கிடைத்ததா?

நீங்கள் ஒருமுறை அழுத்திப் பாருங்களேன்.